எந்தக் கடலை?

“டீ இருக்குங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டே கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்தால், அவள் டீக்கு வரவில்லை என்று அர்த்தம். கோவையில் ஒரே அடுக்ககத்தில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறோம், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அவள் கையில் டைரியிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஆறாவது பிறந்தநாள். பதினெட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறாள். கேக், கேசரி, லட்டு, வாழைக்காய் பஜ்ஜி, மினி இட்லி, சட்னி, வெஜிடபிள் பிரியாணி, ஐஸ்கிரீம் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கோடு போட்டு, ‘கடலை எண்ணெய் வேண்டாம், சன்பிளவர்’ என்று எழுதியிருந்தாள்.

போனை நீட்டினாள். மகனோடு படிக்கிற ஒரு பையனின் அம்மா அனுப்பிய செய்தி. “பையனுக்குக் கடலையும் பாலும் ஒத்துக்காதுங்க. ஜூஸ் மட்டும் குடுத்தாப் போதும்.”

“பாலுக்கு என்ன பண்றதுன்னு உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேங்க்கா. கடலைக்கு நானே பாத்துக்கிட்டேன்.”

என்னிடம் வரக் காரணம் உண்டு. என் மகளுக்குப் பால் அலர்ஜி. எங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் இரண்டு டீப் பாத்திரம். எனக்குப் பால் போட்டது, அவளுக்குக் கட்டன். வடிகட்டியும் இரண்டு.

“உக்காரு கண்ணு” என்றேன். “பால் இருக்கட்டும். எந்தக் கடலைன்னு கேட்டியா?”

விழித்தாள். கேள்வி புரியவில்லை என்பதல்ல, அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே தோன்றவில்லை. நாம் கடலைக்காய் என்பதும் கடலைதான், வடக்கே மல்லாட்டை என்பதும் அதுதான். கொண்டைக்கடலையும் கடலை. அதை உடைத்தால் கடலைப் பருப்பு, வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை, அரைத்தால் கடலை மாவு. எண்ணெய் என்று வந்தால் மட்டும் நிலக்கடலைக்குத் தாவிவிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டு செடிகள். ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. நமக்கு வரும்.

அடுத்த குழப்பம் ‘ஒத்துக்காது’ என்பதில். அது ஒரு பெரிய கித்தான் பை. கத்தரிக்காய் தின்றால் அரிக்கிறது, ராத்திரி தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கிறது, ஊர் மாறினால் தண்ணீர் சேரவில்லை, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. எல்லாம் அந்தப் பைக்குள்தான் கிடக்கிறது. மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் ஆபத்தையும் நாம் அதே பைக்குள்தான் போட்டு வைத்திருக்கிறோம். கேட்கிறவர் எதை வெளியே எடுப்பார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. மகளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். “பால் ஒத்துக்காதுங்க” என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்த வீட்டுக்காரர்கள் அக்கறையானவர்கள், ‘நான்-டெய்ரி’ என்று போட்ட கிரீமாகப் பார்த்து வாங்கிக் கேக்கில் பூசியிருந்தார்கள். அந்த டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் என்று இருந்தது. பாலிலிருந்து பிரித்தெடுக்கிற புரதம் அது. பத்து நிமிடத்தில் உதடு தடித்தது, கழுத்தெல்லாம் தடிப்பு, அப்புறம் நாய் குரைப்பது மாதிரி ஓர் இருமல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டுக் கொண்டுவந்தோம். அந்த வீட்டுப் பெண்மணி அழுத அழுகையை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. பிழையில் பாதி என்னுடையது. வயிறு உப்பும் என்கிற தொனியில் சொல்லிவிட்டு, உயிர் காக்கிற கவனத்தை எதிர்பார்த்தேன்.

டீயை ஆற்றிக்கொண்டே கீழ்வீட்டுக்காரிக்கு வித்தியாசத்தைச் சொன்னேன். அவள் தம்ளரில் இருக்கிற பாலில் சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு. அந்தச் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கிற நொதி சிலருக்குக் குடலில் குறைவு. குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும், தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அலர்ஜி என்பது புரதத்தோடு உடம்பு போடுகிற சண்டை. ஒன்றுமில்லாத பால் புரதத்தைப் பகையாளி என்று உடம்பின் காவல் படை தவறாகப் பதிந்து வைத்துக்கொள்ளும், அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளையும் தயாராக வைத்திருக்கும். அடுத்த முறை அந்தப் புரதம் தலைகாட்டினால் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை உடம்பெங்கும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். தோல் தடிக்கும், குடல் புரட்டும், மூச்சுக்குழல் சுருங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இதற்கு ஒரு தம்ளர் பால் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு, பாலில் கிடந்த கரண்டியே போதும்.

“இப்பவே போன் பண்ணு. இது எழுத்துல கேக்கற விஷயமில்ல.”

நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். எந்தக் கடலை? பால் என்றால் நெய், தயிர், பிஸ்கட்டில் இருக்கிற பாலும் சேர்த்தா? சாப்பிட்டால் என்ன ஆகும், கடைசியாக எப்போது ஆனது? மருந்து என்ன, அதை யார் கொண்டு வருவார்கள்?

ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அம்மா முதலில் தயங்கினார், தொந்தரவு கொடுக்கிறோமே என்ற தயக்கம். பிறகு மடை திறந்தது. “கடலைக்காய் இல்லீங்க, அது நல்லாச் சாப்பிடுவான். கொண்டைக்கடலைதாங்க ஆகாது. கடலை மாவு, பொட்டுக்கடலை எதுவுமே ஆகாது. ரெண்டு வயசுல ஒரு துண்டு மைசூர்பாக் சாப்பிட்டு ஐசியூவுக்குப் போயிட்டானுங்க. பாலும் அதே மாதிரிதான். உளுந்து, துவரை ரெண்டும் ஒண்ணும் பண்றதில்லீங்க. ஊசி மருந்து என் பையிலயே இருக்கும், நானும் கூடவே வரேன்.”

கீழ்வீட்டுக்காரி போனை வைத்துவிட்டுத் தன் பட்டியலைப் பார்த்தாள். கடலை எண்ணெயை நீக்கியதற்குப் பதிலாக அவள் நீக்கியிருக்க வேண்டியவை லட்டும் பஜ்ஜியும். இரண்டும் கடலை மாவு. அவள் டீ ஆறிப்போயிருந்தது.

அதற்குமேல் என் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். தமிழ்ச் சமையலில் கொண்டைக்கடலை வகையறா ஒளிந்திருக்கிற இடங்களை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. சட்னியைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலை. குருமாவுக்கும் அதுவே. இட்லிப் பொடியில் உண்டு, சாம்பார் பொடியில் கடலைப் பருப்பு வறுத்துச் சேர்க்கிறோம். எலுமிச்சைச் சாதம் தாளிக்கையில் ஒரு கை கடலைப் பருப்பு, பல்லில் கடிபட வேண்டுமாம். மிக்சர், ஓமப்பொடி, மசால் வடை, போளிப் பூரணம் எல்லாம் அதுதான். முறுக்கில் சிலர் பொட்டுக்கடலை மாவு கலப்பார்கள். மொறுமொறுப்புக்காக வறுவலில் தூவுகிற மாவும் சில வீடுகளில் கடலை மாவுதான். பஜ்ஜி சுட்ட எண்ணெயில் பிறகு உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டால், சிப்ஸில் கடலை மாவு இல்லை என்று சொல்வதில் பொருளே இல்லை.

பிள்ளைக்குப் பிள்ளை இந்தப் பட்டியல் மாறும் என்பதையும் அவளிடம் சொன்னேன். நிஜமாகவே நிலக்கடலை ஆகாத பிள்ளை என்றால், கெட்டிக்காக வறுத்த கடலைக்காயைத் தேங்காய்ச் சட்னியில் சேர்க்கிற நம் பக்கத்து ஓட்டல்களை நினைக்க வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும் என்பதும் அங்கேதான் முக்கியமாகிறது. முந்திரி ஆகாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கூட்டுப் பெருங்காயமே ஆபத்து, அதில் பிசினோடு மைதாவும் கலந்திருப்பது வழக்கம். ரசத்தில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்!

இதற்குள் மருமகளைத் தேடிக்கொண்டு மாமியாரும் வந்துவிட்டார். பேரன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கட்டிடம் முழுக்க அவரை அப்பத்தா என்றுதான் அழைக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு டீயை ஒரு மடக்குக் குடித்தார். “அதெல்லாம் சின்னதுலிருந்து துளித் துளியாக் குடுத்துப் பழக்கியிருந்தாச் சரியாயிருக்கும். ஒரு வாய் கேசரி திங்கறதுல என்ன ஆயிரும்?”

பிறந்தநாள் விருந்தில் எனக்குக் கிரீமைவிட இந்த வாக்கியத்தின் மேல்தான் பயம் அதிகம். அன்போடு சொல்லப்படுவதால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை, ஒரு கதை சொன்னேன்.

நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் பிரான்சில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்று இரண்டு விஞ்ஞானிகள். கடல் சாமந்தி என்ற உயிரியின் நஞ்சை எடுத்து நாய்களுக்குக் கொஞ்சமாக ஊசி போட்டுப் பழக்கிப் பார்த்தார்கள். அப்பத்தா நினைத்த மாதிரியேதான் அவர்களும் நினைத்தார்கள், பழகப் பழக உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று. முதல் ஊசியில் பிழைத்த நாய்க்குச் சில வாரம் கழித்து மறுபடி சிறு அளவு போட்டதும், அரை மணிக்குள் மூச்சுத் திணறிச் செத்துப்போனது. உடம்பு பழகவில்லை, பகையை ஞாபகம் வைத்திருந்தது. 1902-இல் அதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

“இப்பவும் துளித் துளியாக் குடுத்துப் பழக்கற வைத்தியம் இருக்குங்க அப்பத்தா. ஆனா டாக்டர் மில்லிகிராம்ல அளந்து, பக்கத்துல ஊசி வச்சுக்கிட்டுக் குடுப்பாங்க. கேசரிக் கரண்டியில இல்ல.”

நாய் செத்தது அவரைக் கொஞ்சம் அசைத்தது. ஆனாலும் பால் பட்ட கரண்டிகூட ஆகாது என்பதுதான் புரியவில்லை. “அவனுக்குத் தனியாப் பண்ணிட்டாச் சரி. கரண்டி பட்டா என்ன?”

அப்பத்தா சுத்த சைவம். “கல்யாண வீட்டுல கோழிக் குழம்புல போட்ட கரண்டிய எடுத்து உங்க சாம்பார்ல விட்டாச் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார். “அதுதாங்க. உங்களுக்கு மனசு ஒப்பாது, அந்தப் பையனுக்கு உடம்பு ஒப்பாது.” அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரண்டி, கை துடைக்கிற துணி, மிக்சி ஜார், வாணலி என்று அவரே அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: கைகழுவ சானிடைசர் உதவாது. கிருமியைக் கொல்கிற சரக்குக்குப் புரதத்தை அகற்றத் தெரியாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஈரத் துடைப்பானும் பரவாயில்லை.

பட்டியலைப் புதிதாக எழுதினோம். ஒரு பிள்ளைக்காகத் தனித் தட்டு என்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. தனித் தட்டை யாராவது மாற்றி வைப்பார்கள், அல்லது பிள்ளை பக்கத்துத் தட்டைப் பார்த்து ஏங்கும். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அதில் அவனுக்கு ஆகாதது எதுவும் இல்லை. இப்படிச் செய்தால் பாதி வேலை குறைகிறது. மினி இட்லி, தக்காளிச் சட்னி, பொட்டுக்கடலை போடாத தேங்காய்ச் சட்னி. பிரியாணிக்குப் பதிலாகச் சந்தகை. பாதிக்கு எலுமிச்சை, தாளிப்பில் உளுந்து மட்டும். மீதிக்கு வெல்லம் போட்ட தேங்காய்ப்பால். கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு இதை விட்டுப் பிரியாணிக்கு ஏன் போக வேண்டும் என்று அப்பத்தா கேட்டார், நியாயம்தான். உருளைக்கிழங்கு வறுவல் புது எண்ணெயில். தர்பூசணி, எண்ணெயில் பொரித்த சோளப்பொரி, ஐஸ்கிரீமுக்குப் பதில் வீட்டில் உறைய வைத்த மாம்பழக் குச்சி ஐஸ்.

கேக்தான் சிக்கல். ‘எக்லெஸ்’ என்று கடையில் கேட்டு வாங்கினால் முட்டை இருக்காது. அந்த இடத்தை நிரப்பத் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ பெரும்பாலும் உள்ளே இருக்கும். பச்சைப் புள்ளியும் அப்படித்தான். நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்ந்தால் பச்சைப் புள்ளி கிடையாது, பால் எவ்வளவு சேர்ந்தாலும் உண்டு. ஆகவே நானே பல வருடமாகச் செய்கிற கேக்கைச் சொன்னேன். பாலும் முட்டையும் வெண்ணெயும் தட்டுப்பாடான காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவிய செய்முறை என்பார்கள். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்துக் கலந்து, ஆறு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா, ஒரு கப் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கிளறி, உடனே ஓவனில் வைக்க வேண்டும். 180 டிகிரி, அரை மணியிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். வினிகரும் சோடாவும் சேர்ந்து கிளப்புகிற வாயுதான் மாவைத் தூக்குகிறது. தாமதித்தால் வாயு கிண்ணத்திலேயே போய்விடும், கேக் பலகையாகிவிடும். மேலே கிரீம் வேண்டாம், பொடித்த சர்க்கரையைச் சலித்தால் அழகாக இருக்கும். பதினெட்டுப் பேருக்கு இரண்டு முறை சுட வேண்டும்.

கோகோ, வெனிலா, மைதா எதுவானாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கோதுமை முதலிய தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, ஓர் அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவற்றைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு வந்த நம் உணவு லேபிள் விதி. அந்தப் பட்டியலில் கொண்டைக்கடலை இல்லை. எள்ளும் இல்லை. அமெரிக்காவில் எள் 2023-இலிருந்து பட்டியலில் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் இருக்கிற நம் ஊரில் இன்னும் சேரவில்லை. அதனால் கொண்டைக்கடலை ஆகாத பிள்ளைக்குத் தடித்த எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, சேர்மானம் முழுவதையும் படிக்க வேண்டும். பெசன், கிராம் ஃப்ளோர், பெங்கால் கிராம் மூன்றும் ஒன்றுதான். பாலும் வே, கேசின், மில்க் சாலிட்ஸ் என்று பல வேஷத்தில் வரும்.

சாப்பாடு முடிந்தது என்று அவள் எழுந்தாள். “இரு கண்ணு, விளையாட்டு இருக்குது.”

நம் பிறந்தநாள்களில் பெரிய பலூனை உடைத்துச் சாக்லேட்டைக் கொட்ட வைக்கிறோமே, பதினெட்டுப் பிள்ளைகள் தரையில் பாய்ந்து பொறுக்குகிற அந்த நிமிடத்தில் யார் வாயில் எது போகிறது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அந்த பலூனில் ஸ்டிக்கர், ரப்பர், கோலிக்குண்டு போட்டால் போதும். கேக் முகத்தில் பூசுகிற வழக்கம் அதைவிட மோசம். கிரீம் கண்ணிலும் உதட்டிலும் படுகிறது, பால் அலர்ஜிப் பிள்ளைக்குத் தடிக்க அதுவே போதும். பிறந்தநாள் பையன் எல்லாருக்கும் கேக் ஊட்டிவிடுவதை நான் தடுக்கவில்லை, கேக்கே பாலில்லாததுதானே. கையில் கொடுத்தனுப்புகிற பையில் தின்பண்டம் வேண்டாம், கலர் பென்சில் போதும். வரும் பெற்றோர்களுக்கு ஒரு வரி அனுப்பிவிட வேண்டும்: பிள்ளைகள் கையில் சாக்லேட்டோ முறுக்கோ கொடுத்தனுப்ப வேண்டாம். காரணமும் சொல்லலாம், பையன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு, யாரும் பேச விரும்பாத அந்தப் பகுதி. இத்தனைக்கும் மேல் ஏதாவது ஆனால்?

சின்னப் பிள்ளைகள் மூச்சுத் திணறுகிறது என்று சொல்ல மாட்டார்கள். நாக்கில் முள் குத்துகிறது என்பார்கள், தொண்டையில் என்னவோ இருக்கிறது என்பார்கள். திடீரென்று ஓடுவதை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் உட்காருவார்கள். என் மகள் அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்தாள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும், இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். தடிப்போடு இருமலோ, குரல் மாற்றமோ, வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். அளவு அந்தப் பிள்ளையின் எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, போடுவது அந்த அம்மா. வெளிநாடுகளில் பேனா மாதிரி தானே குத்தும் ஊசி வைத்திருப்பார்கள். நம் மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை, ஆம்பூலும் சிரிஞ்சும்தான் பெரும்பாலும். செட்ரிசின் அரிப்பை அடக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் நேரம் போய்விடும்.

“நீ செய்யவேண்டியது 108-க்குப் போன் பண்றது, லிஃப்டைக் கீழ பிடிச்சு வைக்கிறது, பையனைப் படுக்க வச்சுக் காலைத் தூக்கி வைக்கிறது. மூச்சு வாங்கினா உக்கார வை. நடக்க மட்டும் விடாத.” ஊசி போட்டதும் பையன் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரி உண்டு. சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம்.

அவள் எல்லாவற்றையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அப்பத்தா எழுதவில்லை. தம்ளரைக் கழுவப் போனவர், இரண்டு வடிகட்டிகளையும் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனபோது வீடு அதிர்ந்துகொண்டிருந்தது. கேக் இரண்டும் நன்றாக எழும்பியிருந்தன. ஒன்று நடுவில் சற்று விரிசல் விட்டிருந்ததைச் சர்க்கரைத் தூளால் மறைத்திருந்தாள். அந்தப் பையன் ஒல்லியாக, பெரிய காதுகளோடு, மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கொண்டுவந்திருந்த சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் அவர் மடியிலேயே இருந்தது. ஜூஸ் பக்கம் யாரும் போகவில்லை.

பெரியவர்களுக்கு மட்டும் பால் டீ, பால்கனியில், கதவைச் சாத்திவைத்து. அது அப்பத்தாவின் ஏற்பாடு. டீயைக் கலக்கிவிட்டு, அதே கரண்டியோடு உள்ளே வந்து சந்தகைப் பாத்திரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், ஏதோ ஞாபகத்தில்.

“அந்தக் கரண்டிய இங்க கொண்டாராத!” என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அதட்டல். “படிச்ச பொம்பள நீயே இப்படிப் பண்ணினா மத்தவங்களுக்கு என்ன தெரியும்?”

கரண்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கே திரும்பிப் போனேன்.